மேல்தாடையில் இம்பிளாண்ட்: வேலையைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை பல் கிளினிக்குக்குப் போய் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கீழ்த்தாடையில் ஒரே ஒரு பல், அல்லது மேல்தாடையின் முன்பக்கப் பல் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். மேல்தாடையின் கடைவாய்ப் பல் என்றால் கணக்கே வேறு. அந்த இடத்துக்கு நேர் மேலே மூக்கோடு சேர்ந்த ஒரு காற்றறை இருக்கிறது. அதன் தரையைத் தொட்டுச் சிகிச்சை செய்துகொண்டவர் அடுத்த சில வாரங்களில் எதைத் தூக்குகிறார், எதை ஊதுகிறார், எந்தத் தூசியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே புண் ஆறும்.

மலாக்காவின் லூபோக் சீனா, மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத்து நம்மவர்களில் பலருக்கு உட்கார்ந்த இடத்து வேலை கிடையாது. செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், இரவு ஜாகாவாகக் காவல் பார்க்கிறவர்கள், கோயில் விசேஷங்களுக்கு நாதஸ்வரம் வாசிக்கிறவர்கள். பல் டாக்டருக்கு இது இரண்டு மணி நேரத்து வேலை. அதற்குப் பிறகு வரும் மூன்று வாரம் முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே தேதி குறிக்கும்போது டாக்டரின் கேலண்டரோடு உங்கள் டூட்டி ரோஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கன்னத்துக்குள் இருக்கும் காற்றறை

கன்ன எலும்புக்குப் பின்னால், மேல்தாடைக்கு மேலே, இரு பக்கமும் ஒவ்வொரு காற்றறை உண்டு. மேக்சிலரி சைனஸ் என்பது அதன் பெயர். நதானியல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1651-இல் இதை விரிவாக எழுதி வைத்தார். பெரியவர்களுக்கு ஒவ்வோர் அறையும் சுமார் 12 முதல் 15 மில்லிலிட்டர் கொள்ளும். உட்சுவர் முழுவதும் மெல்லிய சவ்வு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போய், மூக்குக்குள் திறக்கும் சிறு துவாரத்தின் வழியாக வெளியேற்றுவது அவற்றின் வேலை. அந்தத் துவாரம் அறையின் அடியில் இல்லை, உச்சியை ஒட்டி இருக்கிறது. நுண்மயிர்கள் சோர்ந்தாலோ துவாரம் அடைத்துக்கொண்டாலோ சளி வடிய வழியில்லாமல் தேங்கிச் சீழ்பிடிக்கும். சைனஸ் உள்ளவர்கள் குனிந்தால் கன்னம் கனக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இந்த அறையின் தரையை ஒட்டியே நிற்கின்றன. பல்லைப் பிடுங்கிவிட்டால் அங்குள்ள எலும்பு கீழிருந்து தேய்கிறது, மேலிருந்து காற்றறையும் இறங்கி வருகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் இடத்தில் இன்று நான்கு மில்லிமீட்டர் எலும்புதான் மிச்சம் என்று டாக்டர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். வழக்கமான இம்பிளாண்டின் நீளம் எட்டு முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் எலும்பில் அது நிற்காது.

இதற்குத்தான் சைனஸ் லிஃப்ட். சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் இம்பிளாண்ட் எனும் டைட்டேனியம் திருகாணியை மனிதத் தாடையில் முதன்முதலாகப் பொருத்தியது 1965-இல். காற்றறையின் சவ்வை மெல்ல உயர்த்தி அதன் கீழே எலும்புத்தூள் நிரப்பும் வழியை அமெரிக்கரான ஹில்ட் டேட்டம் 1970-களில் செய்து காட்டினார். பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் 1980-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பக்கச் சுவரில் சிறு ஜன்னல் வெட்டிச் செய்வது ஒரு முறை. பல் இருந்த குழி வழியாகவே மெல்லத் தட்டி உயர்த்துவது இன்னொரு முறை. எலும்பு ஓரளவு இருப்பவர்களுக்கு இரண்டாவது போதும், ஓய்வும் குறைவாகவே தேவைப்படும். எலும்பு மிகக் குறைந்தவர்களுக்கு ஜன்னல் முறைதான்.

அந்தச் சவ்வின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்த அறுவையைக் கற்றுக்கொள்ளும் டாக்டர்கள் பச்சை முட்டையை வைத்துப் பழகுகிறார்கள். கடைசல் கருவியால் ஓட்டில் ஒரு சதுரம் தேய்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் தோல் கிழியாமல் ஓட்டை மட்டும் விலக்க வேண்டும். தோல் கிழிந்தால் வெள்ளைக்கரு வழிந்துவிடும், இன்னொரு முட்டையை எடுக்க வேண்டியதுதான். கைதேர்ந்தவர்களிடமும் நோயாளியின் சவ்வு கிழிவதுண்டு. ஜன்னல் முறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது நேர்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சின்னக் கிழிசலை அங்கேயே கொலாஜன் தகடு வைத்து மூடிவிடுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அறுவை முடிந்ததும், "சவ்வு முழுசா இருக்கா டாக்டர், கிழிஞ்சுச்சா?" என்று கட்டாயம் கேளுங்கள். கிழிந்திருந்தால் உங்கள் ஓய்வு நாள்கள் கூடும், வேலைக்குத் திரும்பும் தேதியும் தள்ளிப்போகும்.

தேதி குறிக்கும் முன்

முதலில் மூக்கைச் சரிபாருங்கள். தும்மல், மூக்கடைப்பு, காலையில் சளி, ஒருபக்கக் கன்ன வலி என்று வருஷம் முழுதும் இருப்பவர்கள் இம்பிளாண்ட் பேச்சுக்கு முன் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். துவாரம் அடைபட்ட சைனஸில் எலும்புத்தூள் நிரப்பினால் அது கிருமிக்குத் தீனி. கிளினிக்கில் எடுக்கும் முப்பரிமாண ஸ்கேனில் அந்தத் துவாரம் தெரியும் அளவுக்கு மேலே வரை படம் எடுக்கச் சொல்லுங்கள். பல்லை மட்டும் பிடித்த படத்தில் எலும்பின் உயரம் தெரியும், மூக்கின் நிலைமை தெரியாது. சவ்வு தடித்திருக்கிறதா, உள்ளே தடுப்புச் சுவர் எழும்பியிருக்கிறதா, சதைக்கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் அறுவைக்கு முன்னாலேயே தெரிய வேண்டிய விஷயங்கள்.

புகைமூட்ட மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரிந்தால் அந்தப் புகை நீரிணையைத் தாண்டி நேராக நம் மேல்தான் வந்து விழும். 2015-இலும் 2019-இலும் பள்ளிகளை மூடும் அளவுக்கு நிலைமை முற்றியதை நாம் பார்த்தோம். எலும்புத்தூள் வைத்த சைனஸோடு அந்தக் காற்றைச் சுவாசிப்பது வீண் வம்பு. அவசரமில்லாத சிகிச்சை என்பதால் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி நமக்கு இருக்கிறது.

அடுத்தது இனிப்புநீர். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் எட்டுக்கு மேல் இருந்தால் பல டாக்டர்கள் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடுகிறாரே என்று வேறு கிளினிக் தேடிப் போகாதீர்கள், உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு மாத்திரை என்று சாப்பிடும் அம்மாக்களும் அந்த மருந்து அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எலும்புத் தேய்வு மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கும்.

சிகரெட், வேப் விஷயத்தில் சமரசம் இல்லை. புகை அந்த நுண்மயிர்களை முடக்குகிறது, புண்ணுக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கிறது. அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரமாவது விட முடியாது என்றால் எடுத்து மாட்டும் பல்செட்டே போதும். பணமும் மிச்சம், வேதனையும் மிச்சம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நம் வீடுகளில் பலர் அதைக் கேட்பதே இல்லை. நிரப்பப்படும் எலும்புத்தூள் எதிலிருந்து வருகிறது? உலகெங்கும் மிக அதிகமாகப் பயன்படுபவற்றில் ஒன்று மாட்டெலும்பைப் பதப்படுத்திச் செய்தது. மேலே மூடும் கொலாஜன் தகடுகள் பல, பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்தவை. செயற்கையாகச் செய்த கால்சியம் பாஸ்பேட் தூளும் உண்டு. நம் தாடையிலிருந்தே சுரண்டி எடுத்து வைப்பதும் உண்டு. மாட்டிறைச்சி தொடாத குடும்பத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, "எனக்கு மாட்டெலும்பு வேண்டாம், வேற என்ன இருக்கு?" என்று கேளுங்கள். மலேசியாவில் பல் டாக்டர்களுக்கு இது பழகிய கேள்வி. முஸ்லிம் நோயாளிகள் பன்றித் தகட்டைப் பற்றித் தவறாமல் விசாரிப்பார்கள். வேலை முடிந்தபின் வீட்டில் தெரிந்து மனம் புழுங்குவதைவிட, முன்னாலேயே கேட்டு மாற்றுப் பொருளை வரவழைக்கச் சொல்வதே நல்லது.

உங்கள் வேலை எது?

பொதுவான விதி ஒன்றுதான். அறுவை முடிந்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் அழுத்தம் ஏறக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உறிஞ்சு குழாய் கூடாது. தே ஆயிஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குழாய் செருகி, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு அதுவரை விடுமுறை. கப்பில் ஊற்றிக் குடியுங்கள். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். இவ்வளவும் எல்லோருக்கும் பொது. இனி வேலைக்கு வேலை மாறும்.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்கு ஓய்வு அதிகம் வேண்டும். முற்றிய மரத்துக் குலை ஒன்று இருபது கிலோவுக்கும் மேல் போகும். அண்ணாந்து கத்தியை இழுக்கிறோம், விழுந்த குலையைக் குனிந்து குத்தித் தூக்குகிறோம், மூச்சைப் பிடித்து வண்டியில் எறிகிறோம். மூச்சைப் பிடித்துத் தம் கட்டும் அந்த ஒரு கணத்தில் சைனஸுக்குள் அழுத்தம் ஏறும், உயர்த்திவைத்த சவ்வு அதைத் தாங்காது. ஜன்னல் முறை சைனஸ் லிஃப்ட் என்றால் குறைந்தது இரண்டு வாரம் குலை பக்கமே போக வேண்டாம். அதன் பிறகும் உதிரிப் பழம் பொறுக்குவது, கணக்கு எழுதுவது மாதிரியான இலகு வேலைக்கு மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். உதிரி பொறுக்குவதிலும் குனிய வேண்டியிருக்கிறது, ஆகவே குந்தி உட்கார்ந்து செய்யுங்கள். மருந்து அடிக்கிறவர்கள் அந்த வாரங்களில் தெளிப்பான் தொடவே கூடாது. முதுகில் பாரம், மூக்கில் நெடி என்று இரண்டு கெடுதலும் அதில் உண்டு.

தொழிற்சாலைக்காரர்களுக்குத் தூசியும் ரசாயன வாடையும்தான் எதிரி. கிரைண்டிங், வெல்டிங், பெயிண்ட், பவுடர் பிரிவுகளில் இருப்பவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு வேறு லைனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். முகக்கவசம் தூசியைத் தடுக்கும், தும்மலை முழுதாகத் தடுக்காது. இரவு ஷிப்டு செய்கிறவர்கள் முதல் வாரத்தில் பகல் ஷிப்டு கேட்டு வாங்குங்கள். முகம் மிக அதிகமாக வீங்குவது இரண்டாம் மூன்றாம் நாளில். அந்த நேரத்தில் இரவெல்லாம் கண்விழித்து நின்றால் வீக்கம் வற்றுவது தாமதமாகும்.

சமையல் வேலை செய்கிறவர்களை யாரும் எச்சரிப்பதில்லை. மிளகாய் வறுக்கும் நெடியில் தொடர்ந்து பத்துத் தும்மல் போட்டால் நல்ல தையலும் ஆட்டம் காணும். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் இரண்டு வாரம் அடுப்படியை வேறொருவரிடம் விட்டுவிட்டுக் கல்லாவில் உட்காரட்டும்.

லாரி ஓட்டுநருக்கும் ஜாகாவுக்கும் உடல் பாரம் குறைவு. ஆனால் விழித்திருக்கச் சிகரெட்டைப் பற்றவைக்கும் பழக்கம் அந்த வேலைகளோடு ஒட்டியே வருகிறது. விடுவதற்கு இது நல்ல சந்தர்ப்பம். மயக்க மருந்தோ தூக்கம் வரவழைக்கும் வலிமாத்திரையோ கொடுத்திருந்தால் அன்றைக்கு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. லூபோக் சீனாவிலிருந்து மலாக்கா டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போய் அறுவை முடித்துவிட்டு அதே மோட்டார் சைக்கிளில் திரும்பலாம் என்று திட்டமிடாதீர்கள். கூட ஒருவர் காரோடு வர வேண்டும்.

நாதஸ்வரக் கலைஞர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். ஊதும்போது வாய்க்குள் ஏறும் அழுத்தம் சாதாரணமானதில்லை, அதுவும் மணிக்கணக்கில். சைனஸ் லிஃப்ட் செய்துகொண்டவர் குறைந்தது மூன்று நான்கு வாரம் சீவாளியில் வாய் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான். சங்கு ஊதும் பண்டாரங்களுக்கும் இதே விதி. தவில், உறுமி அடிக்கிறவர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. முகூர்த்தம் குறைந்த மாதத்தைப் பார்த்து அறுவையை வைத்துக்கொண்டால் வருமானமும் அடிபடாது. தைப்பூசத்துக்கோ, மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கோ காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருப்பவர்கள் வேண்டுதலை முடித்துவிட்டு அறுவைக்குப் போகட்டும். கன்னத்தில் அலகு குத்துகிறவர்கள் அந்த வருஷத்தில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். முருகன் காத்திருப்பான். ஆறாத புண்ணுக்கு அருகில் வேல் குத்துவதை எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆசிரியர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் நான்கைந்து நாளில் திரும்பிவிடலாம். வேலை நிமித்தம் விமானம் ஏறுகிறவர்கள் இரண்டு வாரம் வரை தள்ளிப்போடுவதே பாதுகாப்பு. கடலடியில் முக்குளிக்கும் வேலை உள்ளவர்கள் டாக்டர் எழுத்தில் அனுமதி தரும்வரை இறங்கவே கூடாது.

எம்.சி., சம்பளம், சட்டம்

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் மருத்துவ விடுப்பில் பல் டாக்டரையும் சேர்த்தே பேசுகிறது. பதிவு பெற்ற பல் டாக்டர் பரிசோதித்துத் தரும் எம்.சி. எனும் மருத்துவச் சான்றுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. "பல்லுக்கெல்லாம் எம்.சி. செல்லாது" என்று சூப்பர்வைசர் சொன்னால் மனிதவளப் பிரிவில் 60எஃப் பிரிவைக் காட்டிப் பேசுங்கள். வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு வருஷத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டிய சிகிச்சைக்கு 60 நாள் உண்டு. 2023 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அது இந்த 14, 18, 22-இல் சேராமல் தனிக்கணக்கு. ஆனால் நாற்காலியில் மரப்பு ஊசி போட்டுச் செய்து வீட்டுக்கு அனுப்பும் சைனஸ் லிஃப்ட் முதல் கணக்கில்தான் வரும்.

மருத்துவ விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ இல்லையென்றால் அனுமதியில்லாமல் வராததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சேர்ந்து ஒரு வருஷமே ஆன இளைஞர் 14 நாளையும் இந்தப் பல்லுக்கே செலவழித்துவிட்டால், டிசம்பரில் டெங்கி வந்து படுத்தால் சம்பளம் வெட்டுப்படும். ஆகவே விடுப்புகளைக் கலந்து பயன்படுத்துங்கள். முதல் நான்கைந்து நாளுக்கு எம்.சி., பிறகு வருடாந்திர விடுப்பில் சில நாள், அதற்குப் பிறகு இலகு வேலை. இலகு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், "மூன்று வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தூசிப் பிரிவில் வேலை கூடாது" என்று டாக்டர் எழுதிய ஒரு பக்கக் கடிதம் இருந்தால் பெரும்பாலான சூப்பர்வைசர்கள் ஒத்துப்போவார்கள். அந்தக் கடிதத்தை அறுவைக்கு முன்பே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்த அன்று கேட்டால் ரோஸ்டர் போட்டு முடிந்திருக்கும்.

வேலையிடத்திலோ, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்திலோ விபத்தில் பல் போயிருந்தால் கதை வேறு. அது பெர்க்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் விஷயம். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் விழுந்து மேல்வரிசைப் பல் உடைந்தாலும் வேலை விபத்தாகவே கருதப்படும். முதலாளி தகவல் அறிந்த 48 மணி நேரத்துக்குள் பெர்க்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். எம்.சி. விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் தினக்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமை உதவியாகக் கிடைக்கும். முகம் வீங்கிக் கிடக்கிறபோது போலீஸ் புகாரையும் கிளினிக் சீட்டையும் பத்திரப்படுத்த யாருக்கும் தோன்றாது. வீட்டில் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணமும் மாற்று வழிகளும்

குறைந்தபட்சச் சம்பளம் 2025-இலிருந்து 1,700 வெள்ளி. தனியார் கிளினிக்கில் ஒரு இம்பிளாண்டுக்கே பல ஆயிரம் வெள்ளி ஆகும், சைனஸ் லிஃப்ட் அதற்கு மேல் தனிச் செலவு. கம்பெனி தரும் பல் கிளெய்ம் பெரும்பாலும் சுத்தம் செய்ய, அடைக்க, பிடுங்க மட்டுமே. நியமனக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். 2024 மே மாதம் இ.பி.எஃப். சேமநிதியில் தொடங்கிய அக்காவுன் ஃபிளெக்சிபல் கணக்கில் சந்தாவில் 10 விழுக்காடு சேர்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்க முடியும் என்பதற்காகப் பல்லுக்கு எடுத்துவிடாதீர்கள். முதுமைக்கான காசு அது.

எல்லாக் கடைவாய்ப் பல்லுக்கும் இம்பிளாண்ட் தேவை என்பதும் இல்லை. பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் உண்டு, எடுத்து மாட்டும் பல்செட் உண்டு. எலும்பு ஆறு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் குட்டையான இம்பிளாண்ட் வைத்துச் சைனஸைத் தொடாமலே முடிக்கவும் வழி இருக்கலாம். குலை வெட்டும் ஒருவருக்கு மூன்று வாரச் சம்பளத்தைக் காப்பாற்றும் வழி அது. "சைனஸ் லிஃப்ட் இல்லாம முடியுமா?" என்ற கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரை நம்பலாம். மலாக்கா புக்கிட் பாருவில் உள்ள மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரியில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் பல் சிகிச்சை செய்கிறார்கள். இரண்டாவது கருத்துக் கேட்க அதுவும் ஓர் இடம்.

டாக்டர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, அந்த ஆண்டுக்கான சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கே வந்து பல் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் வாயைக் காட்டாதீர்கள். காற்றறையின் சவ்வு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

எப்போது உடனே ஓட வேண்டும்

கன்ன வீக்கம், லேசான நீலம், ஓரிரு நாள் மூக்கில் சிறிது இரத்தம், இவையெல்லாம் வழக்கமானவை. தண்ணீர் குடிக்கும்போது அது மூக்கு வழியே வந்தால் காத்திருக்காதீர்கள். வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே வழி திறந்துகொண்டதன் அடையாளம் அது. ஒரே பக்க மூக்கில் நாற்றமடிக்கும் சளி, குனிந்தால் கன்னத்தில் கனம், நான்கைந்து நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் ஏறுவது, வாயில் மண் மாதிரித் துகள் வருவது, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் அன்றே அறுவை செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள். வார இறுதி, பண்டிகை என்று தள்ளிப்போட வேண்டாம். இம்பிளாண்டே ஆட ஆரம்பித்தால் அதை நாக்கால் தள்ளிப் பார்க்காதீர்கள். எலும்பு மெல்லிய இடத்தில் ஆடும் திருகாணி சைனஸுக்குள்ளேயே நழுவி ஏறிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவாகியிருக்கின்றன. பிறகு அதை எடுக்கத் தனி அறுவை வேண்டும்.

ஜன்னல் முறையில் எலும்புத்தூள் வைத்தபின் அது நிஜ எலும்பாக மாற ஆறிலிருந்து ஒன்பது மாதம். அதற்குப் பிறகுதான் பல் கட்டுவார்கள். இந்த இடைவெளியில் வேலை மாறுகிறவர்கள், சிங்கப்பூருக்கோ ஜொகூருக்கோ போகிறவர்கள் ஸ்கேன் படத்தையும், இம்பிளாண்டின் பெயரும் அளவும் எழுதிய அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த அட்டை இல்லாமல் வேறு ஊர் டாக்டர் பொருத்தமான மேல்பாகத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பல் கட்டி முடித்து, நன்றாகச் சாப்பிட்டு, ஆண்டுகள் ஓடிய பிறகும் ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் ஒழுகினால், அந்தப் பக்கம் மட்டும் நாற்றம் தெரிந்தால், எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "மேல்தாடையில் இம்பிளாண்ட் இருக்கு" என்று முதலில் சொல்லுங்கள். சாதாரணச் சைனஸ் பெரும்பாலும் இரு பக்கமும் தொல்லை தரும். ஒரே பக்கம் என்றால் பல்லைச் சந்தேகிக்க வேண்டும். காரணம் பல்லில் இருக்கும்போது மூக்குக்கு மட்டும் மருந்து சாப்பிட்டால் அது குணமாகாது.